நடுவர் ஐயா, அந்தக் கடைசிச் சரணத்தைப் பாடியது யார்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்கிற பழங்காநத்தம் மக்களே, வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இந்தப் பொங்கல் விழாவுக்கு மைக் செட் போட்டிருப்பதும் அடியேன்தான். எதிரணித் தலைவர் பேசும்போது ஒரு தடவை 'கீ...' என்று கத்தியதே, அது என் சதி இல்லை. அவர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிட்டார். நான் ஓடிப்போய் மிக்ஸரில் குறைத்த பிறகுதான் உங்களுக்குக் காது திரும்பி வந்தது. என் கட்சி அங்கேயே பாதி ஜெயித்துவிட்டது.

தலைப்பு என்ன? ஓர் இசைக்குழு காலம் கடந்து நிற்பது முன்னால் நிற்கும் குரலாலா, பின்னால் நிற்கும் கூட்டாலா? கூட்டால்தான் என்பது என் கட்சி. எதிரணியில் பேசிய தங்கச்சி, கல்லூரியில் படிக்கிற பிள்ளை, பிரமாதமாகப் பேசினார். நம்ம ஊர் டி.எம்.எஸ்ஸுக்கு முனிச்சாலையில் சிலை இருக்கிறது, அவருக்கு வாசித்தவர்களுக்கு எங்கே சிலை என்று கேட்டார். அதோடு விட்டாரா? நான் குயின் குழுவின் ரசிகன் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, சுவிட்சர்லாந்தில் மான்ட்ரூ ஏரிக்கரையில் பிரெடி மெர்குரிக்கு மட்டும்தான் வெண்கலச் சிலை, மற்ற மூன்று பேர் எங்கே என்று என் மடியிலேயே கை வைத்துவிட்டார்.

சரி. டி.எம்.எஸ்ஸை நான் தொடவில்லை. மதுரையில் நின்று அவரைப் பற்றி ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிட்டு நான் வீடு போய்ச் சேர வேண்டாமா? குயினை வைத்தே பேசுகிறேன்.

முன் வரிசையில் இருக்கிற அம்மாமாருக்காக ஒரு நிமிடம். குயின் என்றால் ராணி. ஆனால் குழுவில் இருந்தது நான்கு ஆண்கள். லண்டனில் 1970-ல் ஆரம்பித்தது. பாடுவதும் பியானோவும் பிரெடி மெர்குரி. சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, நம்ம மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். கிட்டார் பிரையன் மே. டிரம்ஸ் ரோஜர் டெய்லர். மறு வருடம் வந்து சேர்ந்தவர் பேஸ் கிட்டார் ஜான் டீக்கன். அவ்வளவுதான்.

எனக்கு இவர்கள் அறிமுகமானது ஒரு குட்டில். அப்போது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். அப்பா மைக் செட் வைத்திருந்தார், நான் கூடமாட வயர் சுற்றுவேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த கேசட்டை டவுன் ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் கொடுத்து எனக்கும் ஒரு காப்பி போட்டு வைத்திருந்தேன். சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழா. மத்தியானம், தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியாயிற்று. அப்பா சாப்பிடப் போயிருந்தார். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் 'வி வில் ராக் யூ' பாட்டைப் போட்டுவிட்டேன். டம் டம் டப். டம் டம் டப். மேடைப் பலகையில் விளையாடிக்கொண்டிருந்த பொடிசுகள் எல்லாம் மிதிக்க ஆரம்பித்துவிட்டன. யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு மிதி, ஒரு தட்டு.

ராத்திரிக் கரகாட்டத்துக்கு வந்திருந்த பம்பைக்காரத் தாத்தா ஒருவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். "இதுல தோலே இல்லையேப்பா. கையும் காலும்தான் பேசுது," என்றார். அதற்குள் அப்பா வந்துவிட்டார். பிள்ளையார் பாட்டு போடுவதற்கு முன்னால் என்ன கண்றாவியைப் போட்டாய் என்று நடுமண்டையில் ஒரு குட்டு.

அந்தத் தாத்தா சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய ரொம்ப வருடம் ஆனது. அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. 1977 மே மாதம், இங்கிலாந்தில் பிங்லி ஹால் என்ற இடத்தில் கச்சேரி. முடிந்த பிறகும் ஜனங்கள் கலையவில்லை. அவர்களாகவே ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள், குழுவினர் நின்று கேட்கிறார்கள். நெருக்கியடித்து நிற்கிற இந்தக் கூட்டத்தால் என்ன செய்ய முடியும், மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம் என்று பிரையன் மே யோசித்ததில் பிறந்த பாட்டு அது. வட லண்டனில் ஒரு ஸ்டூடியோவில், அங்கே கிடந்த பழைய பலகைகளைப் போட்டு மிதித்துப் பதிவு செய்தார்கள். மே இயற்பியல் படித்தவர். மிதித்ததை எதிரொலி போலத் தெரியாமல் ஆயிரம் பேர் மிதிக்கிற மாதிரிக் காட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொரு சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சேர்த்தார். அந்த இடைவெளிகளைப் பகா எண்கள் கணக்கில் வைத்தாராம். பள்ளிக்கூடத்தில் பகா எண் எதற்கு உதவும் என்று கேட்டோமே, இதற்கு உதவும்!

எதிரணித் தங்கச்சி, உங்கள் வாதப்படி இந்தப் பாட்டை முதலில் எழுப்புவது யார்? மைக் பிடித்தவரா? அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடுகிறது. தொடங்கி வைப்பது கால்.

அடுத்து அவர் சொன்னது 1985 ஜூலை 13, லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி. வெம்ப்ளி மைதானத்தில் ஏறத்தாழ 72,000 பேரை ஒற்றை ஆளாக 'ஏ...ஓ' என்று கூவவைத்தார் பிரெடி என்றார். ஒத்துக்கொள்கிறேன். விசிடியில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், நூறு தடவையும் கை மயிர் எழுந்து நிற்கும். அந்த மனிதரைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே ஐயா. அன்று மாலை அந்த இருபது நிமிடத்தில் அவர்கள் வாசித்தது ஆறு பாட்டு. அதில் பிரெடி எழுதியவை மூன்று. கிட்டார்காரர் மே எழுதியவை இரண்டு. கூட்டம் மொத்தமும் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டியதே, ஆளுயர நாற்று காற்றில் சாய்வது போல, அது 'ரேடியோ காகா'. டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் எழுதியது. சரிபாதி! இன்னொன்று, மற்ற குழுக்கள் சாதாரணமாக வந்து நின்றபோது, இவர்கள் அதற்கு முன் ஒரு நாடக அரங்கை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒத்திகை செய்துவிட்டு வந்தார்கள். ஒத்திகையில் தனி ஆள் என்று யாராவது உண்டா?

என் மனதுக்கு நெருக்கமானவர் ஜான் டீக்கன். ஏன் என்றால் அவர் என் ஜாதி. பதறாதீர்கள், மைக் செட் ஜாதி. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். 70-களின் ஆரம்பத்தில் லண்டன் தெருவில் கட்டடக் குப்பை போடுகிற தொட்டி ஒன்றில் ஒரு சர்க்யூட் போர்டு கிடப்பதைப் பார்த்தார். எடுத்துவந்து, புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, பேட்டரி போட்டார். அதில் வால்யூம் திருகுகூடக் கிடையாது. அந்தப் பெட்டியில் தன் கிட்டாரைக் கொடுத்துத்தான் பிரையன் மே 1975 ஆல்பத்தில் ஒரு பாட்டில் ஊதுகுழல் கோஷ்டி வாசிப்பது போல வரவழைத்தார். கேட்டால் பேண்டு செட் என்றே நினைப்பீர்கள். மேயின் கிட்டாரும் கடையில் வாங்கியது இல்லை. பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பு மாடத்துப் பலகையை இழைத்துச் செய்தது. மரத்தில் பூச்சி அரித்த ஓட்டையைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உள்ளே ஸ்பிரிங், மோட்டார் சைக்கிளில் கழற்றியது. நானும் இரும்புக்கடையிலிருந்து ஆம்ப்ளிஃபையர் பொறுக்கி வந்திருக்கிறேன். என் வீட்டில் அதற்குக் கிடைத்த பெயர் வேறு.

இந்த டீக்கன் மேடையில் ஒரு ஓரமாக நிற்பார். தனியாகப் பாட மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். அவர் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' 1980-ல் அமெரிக்காவில் முதலிடம். அந்தப் பாட்டில் பேஸை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இன்றைக்கும் புதுப் பாக்ஸ் வாங்கினால் கடையிலேயே அதைப் போடச் சொல்வேன். தரை அதிர்ந்தால் பணம் கொடுப்பேன்.

'போஹிமியன் ராப்சடி' முழுக்க முழுக்க பிரெடியின் மூளை என்றார்கள். உண்மை. ஆனால் நடுவில் ஒரு பெரிய பாடகர் கூட்டம் பாடுவது போல வருமே, அது மூன்று பேர். பிரெடி, மே, டெய்லர். அதையே திரும்பத் திரும்ப ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்ததில் நாடா தேய்ந்து வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. அதில் உச்சியில் போய்க் கத்துகிற குரல் இருக்கிறதே, பிரெடி என்றுதான் நானும் பல வருடம் நினைத்தேன். டிரம்ஸ்காரர்!

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். திருமங்கலம் தாண்டி ஒரு ஊர், பெயர் வேண்டாம். ஓர் ஆர்கெஸ்ட்ரா வந்தது, அதன் பெயரும் வேண்டாம். நோட்டீஸில் பாடகர் படம் மட்டும் ஆளுயரத்துக்கு. மற்றவர்களுக்கு 'மற்றும் குழுவினர்'. தபேலாக்காரரும் ரிதம் பேட்காரரும் அதைச் சுவரில் பார்த்துவிட்டு, சாப்பிட்ட கையோடு கடைசி பஸ் ஏறிவிட்டார்கள். பாடகர் தாளமில்லாமல் ஒரு பாட்டு பாடினார். இரண்டாவது பாட்டுக்கு ஊர்ப் பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, நீ கேசட்டையே போட்டுரு," என்றார்.

சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். கோடைவெயில் தாங்கிப் பார்க்க வருகிறவர்கள் அழகரைத்தான் பார்க்க வருகிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குதிரை ஓடுகிற மாதிரி துள்ளுகிறதே, யார் கால் அது? வாகனத்தைத் தோளில் சுமக்கிற சீர்பாதம் தாங்கிகள் கால். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரெடிக்கே இது தெரியும். ஓவியக் கல்லூரியில் படித்தவர், குழுவின் சின்னத்தை அவரே வரைந்தார். தன் படத்தையா வரைந்தார்? நான்கு பேர் ராசியையும் வரைந்தார். இரண்டு சிங்கம் டீக்கனுக்கும் டெய்லருக்கும், நண்டு மேக்கு, கன்னி தனக்கு. நம்ம ஜோசியர் கணக்குக்கு அது ஒத்துவருமா என்று கேட்காதீர்கள். 1989-ல் வந்த 'த மிராக்கிள்' ஆல்பத்தில் எந்தப் பாட்டுக்கும் தனிப் பெயர் போடவில்லை, எல்லாவற்றுக்கும் எழுதியது 'குயின்' என்றே போட்டார்கள். அட்டையில் நான்கு முகத்தையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே முகமாக்கியிருந்தார்கள். எந்தக் கண் யாருடையது என்று நான் ரொம்ப நேரம் தேடியிருக்கிறேன்.

பிரெடி போன பிறகு வேறு பாடகரோடு மேடையேறும்போது 'குயின்' என்று மட்டும் போடாமல் கூட்டல் குறி போட்டு அவர் பெயரையும் சேர்க்கிறார்களே, அது பலவீனம் இல்லையா என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அந்தக் கூட்டல் குறியைப் பார்த்தால் வலிக்கும். ஆனால் 1997-க்குப் பிறகு டீக்கனும் ஒதுங்கிவிட்டார். அவர் இல்லாத மேடையைப் பார்த்தாலும் எனக்கு அதே வலிதான். நான்கு காலில் ஒரு கால் உடைந்த கட்டில், எந்தக் கால் என்றா பார்ப்போம்?

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். அந்தச் சிலைக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

மான்ட்ரூவில் சிலை இருக்கிறது. அதே ஊரில்தான் அவர்கள் ஸ்டூடியோவும் இருந்தது. 1991 மே மாதம். எய்ட்ஸ் முற்றி நிற்கக்கூடச் சிரமப்பட்ட பிரெடி அங்கே பாட வந்தார். எனக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடிவிட்டுப் போகிறேன், மிச்சத்தை நீங்கள் பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்ற நிலை. 'மதர் லவ்' என்ற பாட்டு. மே துண்டுத் தாளில் ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுக்க, பிரெடி ஒவ்வொரு வரியாகப் பாடினார். கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. களைப்பாக இருக்கிறது, திரும்பி வந்து முடிக்கிறேன் என்று போனார். வரவில்லை. நவம்பர் 24 அன்று இறந்துபோனார்.

நான்கு வருடம் கழித்து அந்தப் பாட்டை வெளியிட்டார்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய்க் காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். கடைசிச் சரணத்தில் குரல் மாறும். கொஞ்சம் மெலிந்த குரல், பாடுவதே தொழிலாக இல்லாதவர் குரல். இருபது வருடம் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்த பிரையன் மே அது.

மணி அடித்தாயிற்று. மைக்கை அணைக்க வேண்டியதும் நான்தான். வணக்கம்.