அங்குசம் எங்கே?

(சென்னை வியாசர்பாடியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே, எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் ஐயா அவர்களே, இரவு ஷிப்டுக்குப் போகுமுன் வந்து உட்கார்ந்திருக்கும் பணிமனைத் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த அமைப்பாளர்களுக்குத் தனி நன்றி. ஃபோர்மேன் ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறி வந்திருக்கிறார். அவருக்காக எல்லாரும் ஒருமுறை கைதட்டுங்கள்.

நம் பணிமனைக்கு வந்திருக்கும் மின்பேருந்துகளை வைத்து, காற்று, கணக்கு, கை என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். காற்றைப் பற்றி இந்தப் பகுதி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சொல்லிவிடும்.

'யானை கொடுத்தும் அங்குசத்துக்குப் பிணக்கா' என்பார் என் பாட்டி. யானையையே கொடுத்துவிட்டு, அதை நடத்தும் அங்குசத்தைக் கொடுக்க இழுத்தடிப்பதா என்று அர்த்தம். அதை டெல்லியில் நேரில் பார்த்தேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: 2001 மார்ச் 31-க்குள் டெல்லியின் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி. என்கிற அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். அதே ஆணையில், 9 எரிவாயு நிலையங்களை 2000 மார்ச் 31-க்குள் 80 ஆக்கவும் சொன்னது. யானையும் அங்குசமும் ஒரே தாளில் இருந்தன.

2002 தொடக்கத்தில் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். ரயிலடியில் ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால், எல்லா ஆட்டோவும் அந்த கேஸ் பிடிக்க ஒரு தெருவில் நிற்கிறது! கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டுநர்கள் சீட்டிலேயே சுருண்டு கிடந்தார்கள். வரிசை நகர்ந்தால் இன்ஜினைப் போடுவதில்லை, இறங்கித் தள்ளினார்கள். மிச்சம் இருக்கும் கேஸ் அதிலேயே தீர்ந்துவிடுமாம். ஒரு பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, அரைகுறை இந்தியில் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து நின்றாராம். "பாதி நாள் ஓட்டுறேன், பாதி நாள் நிக்கிறேன்" என்றார்.

மெக்கானிக் புத்தி விடுமா? கல்யாணத்தை மறந்து பம்ப் வரைக்கும் போய்ப் பார்த்தேன். குழாய் வராத நிலையங்களுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்கி கேஸ் கொண்டுவந்தார்கள். நிரப்ப நிரப்ப அடுக்கில் அழுத்தம் இறங்கும். பின்னால் வரும் வண்டிக்கு நேரம் கூடும், டேங்கும் நிறையாது. முகூர்த்தத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மைத்துனர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

கெடு பலமுறை தள்ளிப்போனது. 2002 டிசம்பர் 1-ல்தான் டெல்லி நகரப் பேருந்துகள் டீசலை முழுதாக விட்டன. பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். ஆனால் கேஸுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் அந்தப் பெரியவர் ராத்திரியெல்லாம் குளிரில் கிடந்திருக்க மாட்டார்.

நம் ஊருக்கு வருகிறேன். 2025 ஜூன் 30 அன்று இதே வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135. முதல் கட்டத் திட்டம் 625. சக்கர நாற்காலியோடு ஒருவர் சாய்தளத்தில் ஏறிப்போனதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. யானை வந்துவிட்டது. சார்ஜர்களும் வந்துவிட்டன.

என் கவலை வேலை தெரிந்த கையைப் பற்றியது. இந்த வண்டிகளுக்கு ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்துடையவை. நடத்துநர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்து ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு நிறுவனத்துக்குப் பணம். அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒருநாள் முடியும், அன்றைக்கு வண்டியின் நாடி பிடித்துப் பார்க்க நம் பணிமனையில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபோர்மேன் ஐயா டீசல் இன்ஜினின் சத்தத்தை வைத்தே எந்த இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த வண்டியில் அந்தச் சத்தமே கிடையாது. ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடுகிறது, உள்ளே பல நூறு வோல்ட். தொடுவதற்குமுன் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி, காற்றை அடைத்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு இப்போதே கற்றுத்தர வேண்டும். யானை கொடுத்தும் அங்குசத்துக்குப் பிணக்கா?

கணக்கைத் தொட நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு மின்பேருந்துப் பணிமனையிலும் கழகத்தின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் தொழில்பழகுநர்களுக்கும் உயர் மின்னழுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை ஃபோர்மேன் ஐயா போட்டுவிட்டார். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.