போகும் நாளை முதல் நாளே சொல்லிவிடுங்கள்

(உள்ளகப் பயிற்சிக்குப் புறப்படவிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடையே யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான தம்பிகளே, தங்கைகளே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வரும் திங்கட்கிழமை நீங்கள் பயிற்சிக்குப் போகிறீர்கள். சிலர் வங்கிக்கு, சிலர் பிரதேச செயலகத்துக்கு, சிலர் தொண்டு நிறுவனங்களுக்கு. கடைசியாகச் சொன்னவர்களோடுதான் இன்று என் பேச்சு. போன ஆண்டு மார்ச்சில் நானும் அப்படித்தான் போனேன். ஆறு மாதம். பாடசாலை விட்ட பிறகு, பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை, வறிய வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு தொண்டு நிறுவனம் நடத்தும் கல்வி நிலையம். நாவாந்துறை, குருநகர், பாசையூர் என்று நகரை ஒட்டி நீளும் கரையில் எங்கோ ஓரிடத்தில், ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி வந்து கேட்டாள்: "அக்கா, நீங்கள் எத்தனை நாளைக்கு வந்திருக்கிறீர்கள்?"

என் பெயரைக் கேட்கவில்லை. என்ன பாடம் படிப்பிப்பீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டாள். "நிறைய நாள் இருப்பேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து, வெண்கட்டி எடுக்க அலுமாரியைத் திறந்தபோது கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயர்களைக் கண்டேன். மொத்தம் 11 பெயர்கள். எனக்கு முன் வந்துபோன பயிற்சி மாணவர்கள். பன்னிரண்டாவதாக என் பெயரும் எழுதப்பட்டிருந்தது.

அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் அந்த மூன்று மணியைப் பற்றி.

நம் நாட்டில் கல்வி இலவசம். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் என்னையும் சேர்த்துப் பலர் இருந்திருக்க மாட்டோம். 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993 முதல் சீருடைத் துணியும் கிடைக்கிறது. ஆனால் அந்த இலவசம் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் இரண்டாவது பாடசாலை திறக்கிறது. அதற்குப் பெயர் ரியூசன். மதில்களில் பெறுபேற்றுப் பதாகைகள், வாசலில் சைக்கிள் வரிசை, புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் தரத்திலேயே தொடங்கிவிடும் பயிற்சித் தாள்கள். நாம் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான். அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. முதலாவது பாடசாலையோ இரண்டாவதை நம்பியே நடக்கப் பழகிவிட்டது. "மிச்சத்தை ரியூசனில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தன் வகுப்பில் சொன்னதாக ஒரு பையன் என்னிடம் சொன்னான். ரியூசனுக்குப் போகாத பிள்ளை அந்த மிச்சத்தை எங்கே போய்த் தேடுவது?

அந்தப் பையனைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறாம் தரம். கையெழுத்து அவ்வளவு அழகு. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் கொப்பியில் இறக்கிவிடுவான். அவனுடைய கொப்பிகளில் சரி போட்ட அடையாளங்கள் நிறைந்திருந்தன. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அவன் எழுதியதை அவனாலேயே வாசிக்க முடியவில்லை. எழுத்துகளை அவன் ஓவியமாக வரைந்துகொண்டிருந்தான்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது அவன் முதலாம் தரத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்புகள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. அவன் வீட்டில் இருந்தது ஒரேயொரு பொத்தான் கைபேசி. அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள். எழுத்துக்கூட்டிப் பழக வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது. ஆனால் தரம் மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது.

அவனுக்கு 247 எழுத்தும் பாட்டாகத் தெரியும். அட்டவணையில் விரலை வைத்தால் தட்டாமல் ஓடுவான். அதே எழுத்து ஒரு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டால் அவனுக்கு அடையாளம் தெரியாது. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது, அரவு பின்னே நிற்கிறது. கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ ககரம். நமக்கு இது பழகிவிட்டதால் எவ்வளவு கடினமான வேலை என்பது மறந்துவிட்டது. அவனோ ஒவ்வொரு துண்டாக வாசித்தான். முதலில் 'கெ', பிறகு தனியே தொங்கும் ஒரு கோடு.

பாடநூலை மூடிவைத்தேன். "நேற்று அப்பாவின் வலையில் என்ன பட்டது?" என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. திருக்கை, கொடுவா, ஓரா, சூடை, கணவாய் என்று மூச்சுவிடாமல் சொன்னான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். சொல் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அதை எழுத்துக்குள் தேட வேண்டும், அவ்வளவுதான். திருக்கையில் 'கை' கிடைத்தது. கொடுவாவில் அந்தப் பொல்லாத 'கொ' கிடைத்தது. சூடையை நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்து 'டை'யைப் பிடித்தான். நாளுக்குப் பத்து நிமிடம், அவனும் நானும் மட்டும். 11 வாரம் பிடித்தது. ஒரு நாள் ஓடிவந்து, "அக்கா, சந்தையில் கணவாய்க்குப் பிழையான 'ன' போட்டு எழுதியிருக்கிறார்கள்" என்றான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உங்களில் பலர் பெரிய பாடத்திட்டங்களோடு போவீர்கள். ஆளுமை விருத்தி, தலைமைத்துவம், படக் காட்சிகள். நானும் அவற்றைக் கட்டிக்கொண்டு போனேன். அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்து, அவள் எழுதியதை அவளையே வாசிக்கச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருங்கள். பல வீடுகளில் அதற்கு ஆளில்லை. அன்பு இல்லாததால் அல்ல. தாய் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய், பின்னேரம் கருவாடு புரட்டி, இருட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டுகிறாள்.

இருக்கையைப் பற்றி ஒரு செய்தி. நிலையத்தில் 38 பிள்ளைகள், ஆறு வாங்குகள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை வாங்கில் இருத்தி, மற்றவர்களுக்குப் பாய் விரிக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். சனசமூக நிலையத்தின் தலைவர், எண்பதை நெருங்கிய ஐயா, வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய தகப்பனார் படித்த காலத்தில், உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்களின் பிள்ளைகள் வாங்கிலும் அவர் தரையிலும் இருந்தார்களாம். புத்தகங்களில் நாம் 'சமாசனம்', அதாவது சம இருக்கை, என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறோமே, அது அவர் வீட்டுக் கதை. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது. சமமாக இருத்தத் துணிந்த பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. "பிள்ளை, எல்லோரும் வாங்கில் இருக்கட்டும், அல்லது எல்லோரும் பாயில் இருக்கட்டும். பாதிப் பாதி இந்த மண்டபத்தில் வேண்டாம்" என்றார். வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டோம். அன்று முதல் நானும் பாயில்தான்.

வீட்டுத் தரிசிப்பு என்று ஒரு வேலையும் உங்களுக்குத் தருவார்கள். நான் கோப்பும் பேனையுமாக ஒரு வீட்டுப் படலையில் போய் நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அம்மா வீட்டில் இல்லை" என்றது. குசினிக்குள் புகை எழுந்துகொண்டிருந்தது, இருமல் சத்தமும் கேட்டது. இரண்டாம் முறை போனபோதும் அதே பதில். எங்கள் நிலையத்தில் ஆறு ஆண்டாகப் படிப்பிக்கும் ஆசிரியை சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கோப்போடு படலைக்கு வருகிறவர்கள் நுண்கடன் தவணை வாங்க வருகிறவர்கள். 2009இல் போர் முடிந்து ஏ9 பாதை திறந்தபின் வடக்குக்கு விரைந்து வந்தவற்றில் கடன் நிறுவனங்களும் உண்டு. கணவனை இழந்த, காணாமற்போனவனைத் தேடிக்கொண்டிருக்கிற பெண்கள் குழுக்குழுவாகக் கையெழுத்திட்டுக் கடன் வாங்கினார்கள். பொய் சொல்வதற்குப் பிள்ளையைப் பழக்க வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் இனிக்காது. அடுத்த முறை வெறுங்கையோடு, அந்த ஆசிரியையோடு போனேன். தேத்தண்ணீர் கிடைத்தது. கேட்க வேண்டியவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டேன்.

வரவுப் பதிவேட்டைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். சோளகம் பலமாக வீசும் நாட்களில் சிறு படகுகள் கரையில் கிடக்கும். அன்று மண்டபம் நிறைந்துவிடும், அவித்த கடலைக்கு இரண்டாம் முறையும் கைகள் நீளும். மீன் நன்றாகப் பட்டால் பதினான்கு வயதுப் பையன்களைக் காணக் கிடைக்காது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. கரையில் வலை இழுக்க ஒரு கை குறைகிறபோது அந்தச் சட்டத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இனி ஊரின் பெயரைச் சொல்லாததற்கான காரணம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பிறந்தநாளுக்கும் பெற்றோரின் நினைவு நாளுக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் கொப்பியும் தருகிறார்கள். அது பெரிய மனம். 2022இல் கடதாசி விலை ஏறியபோது, ஒரே கொப்பியின் முன்புறம் தமிழும் பின்புறம் கணிதமுமாக எழுதிய பிள்ளைகளுக்கு அந்த உதவிதான் கைகொடுத்தது என்று ஆசிரியை சொன்னார். ஆனால் உதவியோடு படமும் கேட்கப்படுகிறது. பதாகைக்கு முன்னால் பிள்ளை நிற்க வேண்டும், கொப்பியை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும். நான் அப்படி ஒரு படம் எடுத்தேன். ஊரின் பெயரையும் 'வறுமைக்கோட்டின் கீழ் வாழும் சிறுமி' என்ற வரியையும் சேர்த்து அனுப்பினேன். அந்தப் படம் யார் யார் கைபேசிக்கோ போய், அவள் படிக்கும் பாடசாலைக்கே திரும்பி வந்துவிட்டது. மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவள், கொடுத்த கொப்பிகள் எல்லாவற்றையும் எழுதாமல் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். முதல் நாள் என்னிடம் எத்தனை நாள் என்று கேட்டவள் அவள்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் படத்தை அனுப்பியிருந்த, கனடாவில் இருந்து உதவும் அம்மாவுக்கும் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ தொலைபேசியில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சின்ன வயதில் அகதி முகாமில் வரிசையில் நின்றபோது யாரோ படம் எடுத்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் படம் கேட்டதில்லை. பிள்ளைகள் இந்த மாதம் என்ன வாசித்தார்கள் என்று மட்டும் கேட்பார். சாப்பாட்டுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை ஆசிரியையின் கொடுப்பனவுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அன்னதானத்துக்கு இந்த மண்ணில் காசு வந்துவிடும். ஆறு ஆண்டாக ஒவ்வொரு பின்னேரமும் அந்த மண்டபத்தைத் திறக்கிற ஒருவரின் மாதச் செலவுக்கு வருவதில்லை. நீங்கள் அறிக்கை எழுதும்போது அந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். பிள்ளைகளின் வறுமையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அவரை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள்.

அந்தச் சிறுமி திரும்பிவந்த நாளில்தான் என் முதல் நாள் பதிலும் எனக்கு உறைத்தது. 'நிறைய நாள்' என்றால் எத்தனை? அவளுடைய தகப்பனும் நிறைய நாள் வேலை என்று சொல்லித்தான் வெளிநாடு போனார். அலுமாரிக் கதவில் இருந்த 11 பேரும் ஒரு வெள்ளிக்கிழமை இனிப்பு கொடுத்துவிட்டுப் போனவர்கள். அடுத்த திங்கட்கிழமை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள்.

அன்றே எல்லோரையும் பாயில் இருத்தி, ஓகஸ்ட் 29ஆம் திகதி என் கடைசி நாள் என்று சொன்னேன். சிலர் முகம் வாடியது. ஒரு பையன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் வகுப்பு மாறிவிட்டது. அதற்கு முன் எத்தனை பக்கம் வாசிக்கலாம், எந்தக் கணக்கை முடிக்கலாம் என்று பிள்ளைகளே திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்து, எந்த எழுத்தில் தடுக்குகிறாள், எந்த வாய்ப்பாட்டில் நிற்கிறான், எதைக் கேட்டால் அழுகை வரும் என்று எழுதினேன். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்கக் கூடாதல்லவா? நீங்கள் எதை மறந்தாலும் அந்தக் கொப்பியை மறக்காதீர்கள்.

கடைசி வாரத்தில் எனக்கு அடுத்த பயிற்சி மாணவி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி அவர் முன்னே போய் நின்றாள்.

"அக்கா, எத்தனை நாளைக்கு வந்திருக்கிறீர்கள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அவளிடம், "பெப்ரவரி 27 வரைக்கும்" என்றார்.

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, பதின்மூன்றாவது பெயரையும் அதன் பக்கத்தில் அந்தத் திகதியையும் எழுதினாள். விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்படியென்றால் எங்கள் தவணைப் பரீட்சைக்கு நீங்கள் இருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு, தன் கணிதக் கொப்பியை எடுக்கப் போனாள்.