என் வாக்கு வாலுக்கே

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். "விலங்குகள் நம் மனசைக் கொள்ளையடிப்பது முகத்தாலா, வாலாலா?" வாலாலதான்!

எதிரணித் தலைவர் அண்ணன் போறபோக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு: "வால்ங்கிறது உடம்புல மிஞ்சிப்போன சதை. அதை ஆட்டுறது காக்கா பிடிக்கிற வேலை." அடேயப்பா! கங்காரு மெதுவா நடக்கும்போது வாலை அஞ்சாவது காலா ஊன்றி உந்துறதையும், கடல்குதிரை நீரோட்டத்துல அடிச்சுட்டுப் போயிடாம வாலால கடற்புல்லைச் சுத்திப் பிடிச்சுக்கிறதையும் விளக்கமாப் பேசத்தான் வந்தேன். அதெல்லாம் கிடக்கட்டும். மிஞ்சிப்போன சதையா? முதல்ல இதுக்குப் பதில் சொல்லணும்.

எங்க வீட்டுச் சுவர்ல ஒரு பல்லி. கீழே எங்க பூனைக்குட்டி. பல்லி கொஞ்சம் கீழே இறங்குச்சு, குட்டி பாய்ஞ்சுது, பிடிச்சுது. எதை? வாலை மட்டும்! வாலைக் கழட்டிக் கொடுத்துட்டுப் பல்லி போயே போச்சு. கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? இப்பத்தான் ஆரம்பம். அந்தத் துண்டு வால் தரையில துள்ளுது, நெளியுது, சுருளுது. குட்டி ஒரு காலைத் தூக்கிக்கிட்டு, தொடலாமா வேண்டாமான்னு நிக்குது. தொட்டுச்சு. வால் எகிறுச்சு! குட்டி பின்னால ஒரே தாவு. மறுபடி பதுங்கி வருது. மறுபடி தட்டுது. மறுபடி வால் எகிறுது! இப்போ பயத்துல குட்டியோட வால் பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி சிலிர்த்து நிக்குது. எங்க அம்மா வந்து பாத்துட்டு, "ஏன்டா, இது இங்க வாலோட மல்லுக்கட்டுது, வாலுக்குச் சொந்தக்காரி மேல உக்காந்து வேடிக்கை பாக்குறாடா!"ன்னாங்க. நிமிர்ந்து பாத்தா, டியூப்லைட் ஓரத்துல மொட்டைப் பல்லி! நடுவர் அவர்களே, இந்தச் சண்டையில முகத்துக்கு என்ன வேலை? மோதினது முழுக்க வாலும் வாலும். உயிரைக் காப்பாத்தினதும் வால்தான். அது திரும்ப முளைக்கவும் செய்யும். அதைப் போய் மிஞ்சின சதைங்கிறீங்களே!

அடுத்து, காக்கா பிடிக்கிறது. 2007-ல இத்தாலியில நாய்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. வளர்க்கிறவரைப் பாத்தா வால் வலப்பக்கமா அதிகம் ஆடுது. மிரட்டுற மாதிரி நிக்கிற அந்நிய நாயைப் பாத்தா இடப்பக்கமா அதிகம் ஆடுது. காக்கா பிடிக்கிறவன் ஆளைப் பாத்தா திசையை மாத்துவான்? பெரிய இடம்னா போதும், எல்லாருக்கும் ஒரே ஆட்டுதான்! நாய் அப்படி இல்லைங்க. உள்ளுக்குள்ள என்ன இருக்கோ, அதுதான் வால்ல வருது.

அண்ணே, எங்க வீட்ல ஒரு கிழட்டு நாய் இருந்துச்சு. கடைசி நாள்கள்ல கண்ணு தெரியாது, காது கேக்காது, எழுந்திரிக்க முடியாது. வெச்ச சோத்தைக்கூடத் தொடலை. நீங்க கொண்டாடுற அந்த முகம் இருக்கே, அதுல ஒரு அசைவும் இல்லை. எங்க அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு. வாசனை பட்டிருக்கணும். வால் மட்டும் தரையில டொப்பு, டொப்புன்னு தட்டுச்சு. அப்பா துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு.

சோறே வேண்டாம்னு கிடந்த அது, யாரைக் காக்கா பிடிக்க வாலாட்டுச்சு? சொல்லுங்கண்ணே. நடுவர் அவர்களே, அவர் பதில் சொல்லட்டும், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க. நன்றி, வணக்கம்!