நில் என்றால் தடையா, தாங்கலா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மற்ற வாழ்த்தெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில் பார்த்துக்கொள்வோம்.

'நில் என்ற சொல்லில் ஓங்கி நிற்பது தடுப்பதா, தாங்குவதா?' தாங்குவதே என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர் கேட்டார்: "சிக்னலில் நில், கவனி, செல் என்றிருக்கிறதே, அதைப் படித்து எவனாவது எதையாவது தாங்கினானா? பிரேக்கைத்தானே மிதித்தான்?" நீங்களும் கைதட்டினீர்கள். ரொம்பச் சந்தோஷம்.

ஐயா, நம் ஊரில் அந்தப் பலகைக்கு யார் நிற்கிறார்கள்? ஓரமாக நிற்கும் போலீஸ்காரருக்கல்லவா நிற்கிறார்கள்! 391ஆம் குறளில் வள்ளுவர் "கற்றபின் நிற்க அதற்குத் தக" என்றாரே, படித்து முடித்ததும் பிரேக் போடு என்றா சொன்னார்? நில்லிலிருந்துதான் நிலை வந்தது, நிறுவுதல் வந்தது. தேர் நடுத்தெருவில் நின்றுபோனால் ஊர் பதறும். அதே தேர் நிலைக்கு வந்தது என்றால் ஊரே கும்பிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் ஐயா!

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். கடுதாசி வந்தால் தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். "அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். நிற்க."

அப்பத்தா எழுந்து நின்றுவிட்டது!

"எங்க ஆத்தா கிளம்பிட்ட?"

"புள்ள நிக்கச் சொல்றானே."

"அட, அந்தப் பேச்சு அத்தோட இருக்கட்டும், அடுத்த சேதிக்குப் போறேன்னு அர்த்தம் ஆத்தா."

"அது உனக்கு. கடுதாசி எனக்குல்ல வந்திருக்கு?"

சரி என்று அவர் தொடர்ந்தார். "பணம் அனுப்பியிருக்கிறேன். நிற்க."

"நின்னுக்கிட்டுதானப்பா இருக்கேன், மேல படி!"

சித்தப்பாவோ பத்திக்கு ஒரு 'நிற்க' போடுகிற ஆள். கடைசியில் தபால்காரரே பதில் கடுதாசியில் எழுதினார்: "தம்பி, இனிமேல் நிற்க போடாதே, ஆத்தாவுக்கு முழங்கால் வலி."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துத்தான் சொல்கிறேன், சித்தப்பா திரும்பி வந்துவிட்டார் என்கிற தைரியத்தில். 1971இல் எல்லையில் சண்டை. ரேடியோ கத்துகிறது, கடுதாசி மட்டும் வரவில்லை. தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டாலே அப்பத்தா எழுந்துவிடும். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைக் கடந்து போவார். அவர் தெருவைத் தாண்டும்வரை உட்காராது. முழங்கால் வலிக்காரி, ஐயா! அவளை நில் என்று யாரும் சொல்லவில்லை, எந்தப் பலகையும் எழுதி வைக்கவில்லை.

நண்பரே, இப்போது எழுந்து சொல்லுங்கள், அப்பத்தா அங்கே பிரேக் போட்டா நின்றது? நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லிவிடுங்கள் ஐயா, நன்றி, வணக்கம்.