முதல் வாரத்தைத் தாண்டுங்கள்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம். கத்தியும் அடித்தும் காரியம் சாதிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். மூன்றாம் வகுப்புப் பையன் செல்போன் கேட்கிறான். "இப்ப இல்லடா" என்கிறார். கத்துகிறான், தம்பியைத் தள்ளுகிறான், கடைசியில் முறத்தையே உதைக்கிறான். இலையும் தூளும் தரையெல்லாம். "இந்தா, எடுத்துத் தொலை!" போன் கைக்குப் போனதும் வீடு அமைதியாகிறது.

சிக்கல் அந்த அமைதியில்தான். உதைத்தால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்து இந்தச் சுழலைக் கண்டறிந்தார். 1982இல் அதை நூலாகவும் எழுதினார்.

அதனால்தான் எங்களிடம் ஆலோசனைக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரிடம், "பயிற்சி உங்களுக்குத்தான்" என்கிறோம். "அப்போ தப்பு எங்க மேலயா சார்?" என்று கண் கலங்குவார்கள். இல்லையம்மா. எங்களோடு அவன் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உங்களோடுதானே?

அடித்தாலும் அப்போதைக்கு அடங்குவான். பலம் உள்ளவன் ஓங்கினால் காரியம் நடக்கும் என்ற பாடத்தை மறுநாள் வகுப்பில் பக்கத்துப் பையன்மேல் காட்டுவான்.

பயிற்சியில் நாங்கள் பையனாக நடிப்போம், நீங்கள் பேசிப் பழகுவீர்கள். "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்கு என்ன செய்வதென்று புரியாது. "பையை ஆணியில மாட்டு" என்றால் புரியும். மாட்டினால் அந்த நொடியே, "சொன்னதும் மாட்டிட்டியே!" என்று சொல்லுங்கள். தம்பியை அடித்தால் அன்றைக்கு டிவி கிடையாது. குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள், சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் நிலைமை மோசமாகலாம். இதுவரை பலித்த கத்தல் பலிக்காதபோது இன்னும் பலமாகக் கத்துவான். பயிற்சி பலிக்கவில்லை என்று பெற்றோர் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். பத்து நிமிடம் தாங்கிவிட்டு பதினோராவது நிமிடத்தில் போனைக் கொடுத்தால், அடுத்த முறை பதினொரு நிமிடம் கத்தத் தயாராக வருவான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது மட்டுமே போதாது. படிப்பில் திணறலோ, ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்போ இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் வந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள். அம்மா மறுத்த போனை, பேரன் அழுவது பொறுக்காமல் எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் அவர்தான்.