மூக்கில் ஏறிய தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கிணற்றில் குதிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறி உச்சிவரை சுரீரென்று எரிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த எரிச்சல் ஏறுகிற பாதையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1960களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா பக்கத்தில், ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் தலைவலி, காய்ச்சல், வாந்தி என்று படுத்து, சில நாட்களிலேயே இறந்தார்கள். பார்த்தால் சீழ் மூளைக்காய்ச்சல். ஆனால் பாக்டீரியா ஒன்றும் சிக்கவில்லை. அடிலெய்டில் மால்கம் ஃபௌலர் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் மூளைத் திசுவில் அமீபாவைப் பார்த்தார். சக மருத்துவர் கார்ட்டருடன் சேர்ந்து 1965இல் அதை வெளியிட்டார். பிறகு அந்த அமீபாவுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது: நெக்லேரியா ஃபௌலெரி.

சரி, அது எங்கிருந்து வந்தது? வீட்டுக் குழாயிலிருந்து! முர்ரே ஆற்றுத் தண்ணீர் அந்த வறண்ட ஊர்களுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைக்கு மேலே குழாயில் வந்தது. கோடை வெயிலில் குழாய் காய்ந்து, உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். போட்ட குளோரினோ பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். 46 டிகிரி வரை தாங்குகிற இந்த அமீபாவுக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. பிற்பாடு, குழாயில் நெடுநேரம் நிற்கிற குளோரமின் என்ற குளோரின் சேர்மத்துக்கு மாறினார்கள்.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. நாமோ தண்ணீர் என்றாலே காய்ச்சிக் குடிப்பதைத்தான் நினைக்கிறோம்! மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனை நரம்பின் இழைகள் அதன் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அமீபாவும் அதே வழியில் ஏறுகிறது. ஏறிவிட்டால், 100 பேரில் 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

நான் நுண்ணோக்கியோடு காலம் தள்ளுகிற ஆள். நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து சோதனைக்கு எடுத்த நீரைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் அமீபா அசையாமல் உருண்டு கிடக்கும். வெள்ளையணுவோ என்று ஏமாந்துபோவோம். எடுத்த சூட்டோடு பார்த்தால்தான் அது நகர்வது தெரியும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது முதலில் தோன்ற வேண்டுமே! 2024இல் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் பிழைத்தான். மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகள் கொடுத்தார்கள், உண்மைதான். அதற்கும் முன்னால், தொடக்கத்திலேயே ஒரு மருத்துவருக்கு இந்த அமீபாவின் மேல் சந்தேகம் வந்திருந்தது. எங்களுக்கு வரும் சோதனைச் சீட்டில் வயது இருக்கும், எத்தனை நாள் காய்ச்சல் என்று இருக்கும். பையன் போன வாரம் எந்தக் குளத்தில் குளித்தான் என்று எழுத அதில் இடமே இல்லை. ஓரத்தில் கிறுக்கி அனுப்பினாலும் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.