பார்த்தும் காணாதவை

நேயர்களுக்கு வணக்கம்.

"பாத்தனான், ஆனால் காணேல்லை." மேசையிற் கிடந்த திறப்பைத் தேடிக் களைத்தவர்கள் எங்கள் வீடுகளிற் சொல்லுகிற வார்த்தை இது. பார்ப்பது கண், காண்பது மூளை. முதியோரின் மறதியைப் பரிசோதித்து அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் பெரியப்பா இளைப்பாறிய தபாலதிபர். 74 வயதிலும் நாள் தவறாமல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளிற் போய்வருவார். ஒருநாட் காலை, முழங்கால் உரஞ்சுப்பட்டு, காரியரிலே கட்டியிருந்த பையிலிருந்து நசிந்த தக்காளிச் சாறு வடிய, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒழுங்கையிலிருந்து ஏறிய இன்னொரு சைக்கிளோடு மோதியிருந்தார். "அந்தப் பக்கம் பாத்தனான்தான், ஆனால் அந்தப் பிள்ளையைக் காணேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அயலவர்கள் வழக்கம்போல "அறளை பெயர்ந்திட்டுது", அதாவது வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது, என்று முடித்துவிட்டார்கள்.

அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அவருக்கு இலேசான அறிதிறன் குறைபாடு இருப்பதாக வைத்தியர் கூறியிருந்தார். வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட நினைவோ கவனமோ குறைந்திருப்பது பரிசோதனையிலே தெரியும்; ஆனாலும் குளிப்பது, உடுப்பது, சந்தைக்குப் போய்க் கணக்குப் பார்த்து மிச்சக் காசு வாங்குவது எல்லாம் அவரவரே செய்துகொள்வார்கள். அதுதான் இந்த நிலை. இந்த நிலையிலுள்ள எல்லோரும் மறதிநோய்க்குள் விழுவதில்லை. பலர் அப்படியே இருப்பார்கள், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஆகவே அறளை என்று ஒதுக்கிவைப்பது பெரிய அநியாயம்.

பெரியப்பாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை முன்னரே முடிந்திருந்தது. கண் வைத்தியரின் எழுத்துப் பலகையைத் தடங்கலின்றி வாசித்தார். அப்படியானால் எங்கே பிழை? அன்று பின்னேரம் குசினி மேசையில் அவரை என் முன்னே இருத்தினேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலே கையை நீட்டி விரல்களைக் காட்டினேன். எத்தனை விரல் என்று சரியாகச் சொன்னார். பின்னர் முகத்துக்கு நேரே சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை ஒரு கணம் காட்டி மறைத்தேன்; அதையும் சரியாகச் சொன்னார். அடுத்ததாகச் சீட்டையும் விரல்களையும் ஒரே கணத்திற் காட்டினேன். "ஆடுதன் வீறு" என்று சீட்டின் பெயரைச் சரியாகச் சொன்னார். விரலைப் பற்றிக் கேட்டபோது, "நீ கையைத் தூக்கவே இல்லையே" என்றார். கண் பார்த்தது, மூளை காணவில்லை. ஒழுங்கை முகப்பில் நடந்ததும் இதுதான். முன்னாலே போன ஓட்டோவில் கவனம் நின்றதால், பக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அவருடைய மூளையில் இடம் கிடைக்கவில்லை.

இப்படி ஒரே பார்வையில் நடுவையும் ஓரத்தையும் சேர்த்துக் காணும் பரப்பைப் பயிற்சியால் விரிக்கலாம். கணினித் திரையின் நடுவிலே காரோ லொறியோ மின்னி மறையும்; அதே கணத்தில் ஓரத்தில் எங்கோ இன்னொரு வாகனம் மின்னும். நடுவில் வந்தது எது, ஓரத்தில் வந்தது எங்கே என்று இரண்டையும் சொல்லவேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, படம் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். பயிற்சியின் உயிர் இந்த நெருக்குதலிலேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1998 இல் தொடங்கிய ஆய்வொன்றில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு நினைவுப் பயிற்சியும், இன்னொரு பிரிவினருக்குத் தர்க்கப் பயிற்சியும், மூன்றாம் பிரிவினருக்கு நான் சொன்ன இந்த வேகப் பயிற்சியும் ஐந்தாறு கிழமைகளில் பத்து அமர்வுகளாகக் கொடுக்கப்பட்டன. நான்காம் பிரிவினருக்குப் பயிற்சியே இல்லை. பத்து ஆண்டுகளின் பின், பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிடும்போது, வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் மறதிநோய் ஏற்படும் அபாயம் 29 சதவீதம் குறைந்திருந்ததாக 2017 இல் வெளியான அறிக்கை கூறியது. மற்றைய இரு பயிற்சிகளிலும் அவ்வளவு தெளிவான பயன் தென்படவில்லை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அவர்கள் சேரும்போது பெரும்பாலும் நலமாக இருந்தவர்கள். ஏற்கனவே குறைபாடு தொடங்கியவருக்கும் அதே பயனைக் கணக்கிட்டு வாக்குறுதி கொடுப்பது தவறு. மூளை விளையாட்டுகளை விற்ற நிறுவனமொன்று, மறதியைத் தடுக்கலாம் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக 2016 இல் அமெரிக்காவில் இருபது இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்ததையும் மனதில் வையுங்கள்.

பெரியப்பாவும் என்னுடைய பழைய மடிக்கணினியிற் பத்து அமர்வுகள் செய்தார். திரையில் அவருடைய வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் காலைக் குளிசை போட்டாரா இல்லையா என்பது முன்னைப்போலவே மறந்துகொண்டிருந்தது. எதைப் பயில்கிறோமோ அதுதான் முதலில் வளர்கிறது. காணும் வேகத்தைப் பயின்றவருக்குக் குளிசை நினைவு தானாக வந்துவிடாது. ஒழுங்கை முகப்புகளிலே காலை ஊன்றி நின்று இரு பக்கமும் பார்க்கிற பழக்கத்தை வேறாகச் சொல்லித்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

கணினி இல்லாத வீடுகளைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். எங்கள் அம்மம்மா சுளகிலே அரிசியைப் பரப்பி, கதை பேசிக்கொண்டே கல்லும் நெல்லும் பொறுக்குவார். நூறு வெள்ளை மணிகளுக்குள்ளே ஒரு மங்கல் மணியைத் தேடிப் பிடிப்பது அருமையான பார்வை வேலை. சுளகு கணினிக்கு ஈடென்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் கணினி நெருக்கும், சுளகு நெருக்காது. எனினும் பார்வை போதாது என்று சொல்லி அந்த வேலையை மூத்தவர்களின் கையிலிருந்து பறிக்காதீர்கள். 304 விளையாடுகிறவர்களைச் சீட்டு மேசையிலிருந்து எழுப்பவும் வேண்டாம்.

நேரம் முடிகிறதென்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். காதையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டையும் பரிசோதியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எந்தப் பயிற்சிக்கும் முதலிற் கண்ணைக் காட்டுங்கள். கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை, மறதிநோய்க்கு வழிவிடும், ஆனால் மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செற் மருத்துவ இதழின் ஆணையம் 2024 இல் சேர்த்திருக்கிறது. தைரொயிட் குறைவும் வைற்றமின் பீ12 குறைவும் மனச்சோர்வும் மறதியைப் போலவே தோன்றும். சில நித்திரைக் குளிசைகளும் நினைவை மங்கச் செய்யும். ஆகையால் கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.